அண்டாவில் பிறந்த இடி

சால்மோனே ஊரில் இடி இடிப்பதற்கு முதல் நாளே முரசுக்காரன் வந்து சொல்லிவிட்டுப் போவான். வேறெந்த ஊரிலும் இந்தக் கூத்து கிடையாது. "நாளைக்கு வெயில் ஏறுனதும் நம்ம சாமி இடிக்கப் போறாரு! எல்லாரும் பாதையோரம் வந்து நின்னு பயப்படணும்! வராதவங்க வீட்டு ஆடு அரண்மனைக்கு!" என்று தொண்டை கிழியக் கத்துவான். ஆட்டுக்குப் பயந்து சனங்கள் போய் நிற்பார்கள். இடிக்குப் பயந்து ஒரு குஞ்சு குருமான்கூட அங்கே போனதில்லை.

சாமி என்றால் வேறு யாருமில்லை, சால்மோனியஸ் ராசாதான். வடக்கே தெசலி நாட்டிலிருந்து ஆட்டு மந்தையையும் ஆட்களையும் ஓட்டிக்கொண்டு வந்து, ஆற்றங்கரையில் ஒரு ஊரைக் கட்டி, அதற்குத் தன் பெயரையே வைத்துக்கொண்ட ஆள். அதோடு நின்றிருக்கலாம். ஒரு விருந்தில், பலிபீடத்துப் புகை மேலே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், "இத்தனையும் யாருக்கோ புகையா விடறீங்களே, இங்க ஒருத்தன் பசியோட உக்காந்திருக்கேன்ல?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தது தப்பு. நிலா தேய்வதற்குள் உத்தரவு வந்துவிட்டது: ராசாதான் இடிக்கெல்லாம் அதிபதியான ஜீயஸ் கடவுள், இனிமேல் பலியெல்லாம் அவருக்குத்தான்.

எலும்பும் கொழுப்பும் கடவுளுக்கு, கறி நமக்கு என்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். இந்த ஜீயஸுக்கு எலும்பு ஆகாது. தொடைக்கறியாகப் பார்த்துக் கொண்டுவரச் சொன்னார். அதிலும் வெங்காயம் போட்டு வதக்கி.

கறி தின்றால் மட்டும் ஜீயஸாகிவிட முடியுமா, இடி வேண்டுமே. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வீடு வீடாகப் போய் வெண்கல அண்டாக்களைப் பிடுங்கி வந்தார்கள். காய்ந்து விறைத்த மாட்டுத்தோல்களை ரதத்தின் பின்னால் கட்டி, அதற்குப் பின்னால் அண்டாக்களைக் கயிற்றில் கோத்துவிட்டால், கல் பாவிய பாதையில் ரதம் ஓடும்போது ஊரே அதிரும். அதுதான் இடி. மின்னலுக்குப் பிசின் தடவிய பந்தம். ரதத்தில் ஒரு சட்டியில் கங்கு இருக்கும். ராசா பந்தத்தைக் கொளுத்திக் கொளுத்தி வீசுவார்.

அந்த ரதத்தை ஓட்டியவன் அல்கோன். நல்ல குதிரைக்காரன். எந்தக் குதிரைக்கு எது பிடிக்காது என்று அதன் காதைப் பார்த்தே சொல்லிவிடுவான். அந்தப் பிழைப்பு அவனை ஜீயஸுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. பக்கத்தில் நின்றவனுக்கல்லவா தெரியும், அந்தக் கடவுளுக்குப் பந்தத்துப் புகை ஒத்துக்கொள்ளாது என்று. இரண்டு வீச்சுக்கு ஒரு தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருமுவார். ரதம் வளைவில் திரும்பினால் அல்கோனின் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். அண்டாச் சத்தத்தில் அல்கோனுக்கு இடது காது பாதி போய்விட்டது. சாமி மட்டும் இரண்டு காதிலும் கம்பளி அடைத்துக்கொண்டு, பாதையோரத்தில் நிற்கிறவர்களை முறைத்தபடி வருவார்.

"எப்படிடா இருந்துச்சு இன்னிக்கு இடி?" என்று ஒரு நாள் கேட்டார்.

"காதே போயிருச்சு ராசா."

"என்னது?"

"காதே போயிருச்சு சாமி."

"அது. மலை மேல இருக்கறவனுக்கும் கேட்டிருக்கும்ல?"

"மலை மேல யாரு சாமி இருக்காங்க?"

ராசா தாடியைத் தடவினார். "யாருமில்ல. ஓட்டு" என்றார்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு பழக்கம் உண்டு. மின்னல் வெட்டினால் தலையைக் குனிந்து, உதட்டைக் குவித்து, 'ப்பச்' என்று ஒரு சத்தம் எழுப்புவோம். மேலே இருப்பவருக்கு மரியாதை, எங்கள் மேல் விழுந்துவிடாதே அப்பா என்ற வேண்டுதல், இரண்டும் அதில் இருக்கிறது. தாய் மடியிலேயே ஒட்டிக்கொள்கிற பழக்கம். தூங்குகிறவன்கூட மின்னல் வெளிச்சம் கண் இமையில் பட்டால் உதட்டைக் குவித்துவிட்டு மறுபடியும் குறட்டை விடுவான். ராசாவின் பந்தத்துக்கு மட்டும் யாருக்கும் உதடு தானாகக் குவியவில்லை. அது அவருக்குப் பெரிய மனக்குறை. அதனால் ரதத்துக்கு முன்னால் பெரிலாஸ் ஓடுவான். அரண்மனைக் காரியக்காரன், ஆமாம் சாமி போடுவதற்கென்றே பிறந்தவன். பந்தம் விழுந்ததும் சனங்களைப் பார்த்து, "ம்! ம்! உதடு! உதடு!" என்று அதட்டுவான். ஊரே அரை மனதாக 'ப்பச்' என்று சொல்லிவிட்டுக் கொட்டாவி விடும்.

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு இருந்திருப்போம். ஊரில் கோமாளி ராசா இருப்பது பெரிய குற்றமா என்ன. ஆனால் பெரிலாஸுக்கு ஒரு யோசனை வந்தது.

இடி விழுந்த இடம் ஜீயஸின் சொத்து. இது பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம். விழுந்த இடத்தைச் சுற்றிக் கல் வைத்துவிடுவார்கள். அதற்கப்புறம் அந்தக் கல்லைத் தாண்டி யாரும் கால் வைக்கக் கூடாது, ஆடு மேயக் கூடாது, உள்ளே இருப்பது எதையும் வெளியே எடுக்கக் கூடாது. இடி பட்டவன் மனிதனாக இருந்தால் அவனைத் தூக்கிக்கொண்டு போகவும் கூடாது, விழுந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். ராசாவின் பந்தம் விழுந்த இடத்துக்கும் இதே சட்டம் என்று பெரிலாஸ் முரசறைந்தான். ஒரே ஒரு திருத்தம். அந்தச் சொத்தின் விளைச்சல் ஜீயஸின் வீட்டுக்குப் போகும். ஜீயஸின் வீடு எது என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்றிலிருந்து பாருங்கள், வானத்து இடி மொட்டைப் பாறையில் விழும், ஆற்றில் விழும், எவனோ கட்டிப்போட்ட கழுதை மேல் விழும். ராசாவின் இடி பழுத்த திராட்சைத் தோட்டத்தில் மட்டுமே விழுந்தது. காய்க்காத ஒலிவ மரம் ஒன்றின்மேல்கூட அது விழுந்ததில்லை. பெரிலாஸ் வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இடி விழுந்த மாதத்தில், பெரிலாஸ் வீட்டில் புதிதாக மதுச்சாடிகள் வந்து இறங்கின. குறுக்கே நின்ற ஒரு மீன்காரனுக்குப் பந்தம் பட்டு ஒரு கண் போனது. சாமி தொட்ட கண், பாக்கியம் செய்தவன் என்று அவனிடம் சொன்னார்கள். நாசமாய்ப் போகிறவர்கள்.

பார்லி அறுப்பு முடிந்து, களத்தில் போரடித்துக் குவித்த நேரம். அரண்மனை லாயத்தில் அல்கோன் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது பெரிலாஸ் வந்தான்.

"நாளைக்குப் பாலத்துப் பக்கம் வேணாம். ஆத்தங்கரைக் களத்துப் பக்கம் ஓட்டு."

"அங்க எங்கக்கா களம்தானே இருக்கு."

"தெரியும்."

"தாலியறுத்தவங்க அது. ரெண்டு பொட்டப்புள்ளைங்க. வருசத்துக்கே அந்தக் குவியல்தான் சோறு."

"சாமி இடிக்கறதுக்கு நீ யாருடா எடம் சொல்ல? நல்ல காத்து வர்ற களம் அது. சாமிக்குப் புடிச்சிருக்கு." பெரிலாஸ் குதிரையின் முதுகில் தட்டினான். "நீ ஓட்டு. வேற ஒண்ணும் யோசிக்காத."

அல்கோன் சாயங்காலமே அக்காள் மிர்த்தோவின் களத்துக்குப் போனான். பொலி தூற்றும் துடுப்பின்மேல் சாய்ந்துகொண்டு அவள் காற்றுக்காகக் காத்திருந்தாள். உமியும் மணியுமாகக் குவியல் அவள் தோள் உயரத்துக்கு நின்றது. புருசன் கடும்பனியில் காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்துவிட, அவளே உழுது, அவளே அறுத்துச் சேர்த்த குவியல். களத்தின் ஓரத்தில் பெரிலாஸ் அனுப்பிய ஈட்டிக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து அத்திப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். குவியல் வீட்டுக்குப் போய்விடாமல் காவல்.

"வாடா, ஜீயஸ் வீட்டு வண்டிக்காரா" என்றாள் மிர்த்தோ. "எப்ப இடிக்கறீங்க? காலையிலயா, சாப்பிட்டுட்டா?"

"அக்கா, கிண்டல் பண்ற நேரமா இது?"

"பின்ன ஒப்பாரி வைக்கவா? என் கல்யாணத்துக்கு அப்பா குடுத்த அண்டா உன் ரதத்துக்குப் பின்னால தெருப் பொறுக்குது. நான் மண்பானையில கூழு காச்சறேன். என் அண்டாவ வச்சே என் களத்துல இடிக்க வர்றான். நீயே ஓட்டிட்டு வர்ற. கூடவே ஜால்ராவும் போடு."

"நான் ஓட்டலன்னா இன்னொருத்தன் ஓட்டுவான். என் தோல உரிச்சு அதையும் பின்னால கட்டிருவானுங்க."

"உன் தோலு சத்தம் குடுக்காதுடா. அவ்வளவு கனம் இல்ல."

அல்கோனுக்குச் சுருக்கென்றது. சின்ன வயதிலிருந்து அவள் திட்டியிருக்கிறாள், அடித்திருக்கிறாள். ஆனால் இப்படி இளக்காரமாகப் பார்த்ததில்லை. ராசாவைப் பார்க்கிற அதே பார்வையை அவள் தன் மேலும் திருப்பிவிட்டது அவனால் தாங்க முடியவில்லை.

"என்ன பண்ணச் சொல்ற?" என்றான்.

"ஒண்ணும் பண்ண வேணாம். நான் குவியலுக்கு முன்னால நிப்பேன். போட்டா என் மேல போடட்டும். எரிஞ்சாலும் எரியறேன்."

"புள்ளைங்க?"

"பசியில சாகறதுக்கு இது தேவலையா இல்லையான்னு அதுங்களே பெரிசான பின்னால சொல்லட்டும்" என்றாள். துடுப்பை எடுத்து, காற்றே இல்லாத ஆகாயத்தில் ஒரு வாரி பொலியை வீசினாள். அது அப்படியே அவள் தலையில் வந்து கொட்டியது. ஈட்டிக்காரர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் காலையில் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. ராசா அதைத்தான் முதலில் பார்ப்பார். மேகம் கொஞ்சம் கறுத்தாலும், "இன்னிக்கு இடிக்க மனசில்ல" என்று சொல்லி உள் அறையில் போய்ப் படுத்துக்கொள்வது வழக்கம். நிஜ இடி இடிக்கும் நாளில் போர்வைக்குள் அவர் எப்படிப் படுத்திருப்பார் என்று அரண்மனைப் பெண்கள் கிணற்றடியில் நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள்.

அன்றைக்கு அலங்காரம் முடியவே உச்சியாகிவிட்டது. ஓக் இலைக் கிரீடம் நேராக நிற்கவில்லை என்று மூன்று முறை மாற்றினார்கள். தாடிக்கு எண்ணெய். தங்கப் பூவேலை செய்த போர்வை. கிளம்பும் முன் வெங்காயக் கறி. ரதம் நகர்ந்தபோது தெற்கே மலைக்குப் பின்னால் கறுப்பாக ஏதோ எழுந்துகொண்டிருந்தது. ராசா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் அதைப் பார்க்கவில்லை. அல்கோன் பார்த்தான். சொல்லவில்லை.

அண்டாக்கள் கல்லில் மோதி அலறின. ஆற்றங்கரையில் சனங்கள் இரண்டு பக்கமும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். யாருடைய களம் போகப் போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அழுகை வருகிற முகத்தோடு பயப்படுவதாக நடிக்கச் சொன்னால் யாருக்குத்தான் முடியும்? பெரிலாஸ் முன்னால் ஓடினான். "ஜீயஸ் வர்றாரு! ஜீயஸ் வர்றாரு!"

மிர்த்தோ சொன்னபடியே குவியலுக்கு முன்னால் நின்றாள். கையில் துடுப்பு. தலைமுடியில் நேற்றைய உமி அப்படியே இருந்தது.

"நவுரச் சொல்லு அவள" என்றார் ராசா, பந்தத்தைக் கங்கில் செருகியபடி.

"நவுர மாட்டா சாமி. எங்கக்கா."

"அப்ப அவளுக்கும் பாக்கியம்தான்" என்று சொல்லிவிட்டு இருமினார். "கிட்டக்க ஓட்டு. தூரம் போனா குறி தப்புது."

கிட்டத்தில் போனார்கள். ராசா பந்தத்தை ஓங்கினார். அப்போது மிர்த்தோவுக்கு என்ன தோன்றியதோ, துடுப்பு நிறைய உமியை வாரி ரதத்தின் முகத்தில் வீசினாள். "இந்தா, இதத் தின்னு!"

இடது பக்கத்துக் குதிரைக்கு முகத்துக்கு நேராக எதுவும் பறந்தால் ஆகாது. அது அல்கோனுக்குத் தெரியும். உமி பறந்த நொடியில் கடிவாளத்தை இறுக்கிப் பிடித்திருந்தால் அது அடங்கியிருக்கும். அவன் கையைத் தளர்த்தினான். அவ்வளவுதான் செய்தான்.

குதிரை எகிறி ஒதுங்கியது. சக்கரம் களத்தின் ஓரக் கல்லில் ஏறி இறங்கியது. ராசா ஓங்கிய கையோடு பின்பக்கமாகச் சாய்ந்து, ரதத்திலிருந்து பாதையில் போய் மல்லாக்க விழுந்தார். பந்தம் அவர் தலையில் விழுந்தது. ஓக் இலைக் கிரீடம் குப்பென்று பற்றிக்கொண்டது. அண்டாக் கயிறு அறுந்து, அண்டாக்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு உருண்டு வந்து அவரைச் சுற்றிக் கிடந்தன. அவர் கிரீடத்தைப் பிடுங்கி எறிந்து, தாடியைத் தட்டி அணைத்துக்கொண்டு, குதிரைச் சாணத்தில் புரண்டார். நல்ல வேளையாக, இல்லை கெட்ட வேளையாக, தாடியில் ஒரு பக்கம் பிழைத்தது.

மிர்த்தோ உதட்டைக் குவித்தாள்.

"ப்பச்."

யாரும் அதட்டாமல், யாரும் சொல்லாமல் ராசாவின் இடிக்கு அந்த ஊரில் விழுந்த முதல் 'ப்பச்' அது. அடுத்து மீன்காரன், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, "ப்பச்" என்றான். அப்புறம் ஆற்றங்கரை முழுக்க ஒரே சத்தம். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சத்தம் கொடுத்தார்கள்.

"இடி விழுந்துருச்சுய்யா!" என்றாள் மிர்த்தோ. "என்ன பாத்துட்டு நிக்கறீங்க? கல்லு வையுங்க!"

மீன்காரன்தான் முதல் கல்லை வைத்தான். அதற்கப்புறம் ஆளாளுக்கு ஆற்றிலிருந்து கல் எடுத்து வந்தார்கள். ராசாவையும் அண்டாக்களையும் சுற்றி வட்டம் வளர்ந்தது. பெரிலாஸ் பதறிக்கொண்டு ஓடி வந்து, வட்டத்துக்குள் வைக்கப் போன காலை அப்படியே தூக்கிக்கொண்டு நின்றான்.

"என்னய்யா பாக்கற? வந்து தூக்குடா!" என்றார் ராசா.

"தொடக் கூடாதே சாமி" என்றான் பெரிலாஸ். முகம் வெளுத்திருந்தது. "நாமளே முரசறைஞ்சிருக்கோம்."

"அது இடி இல்லடா, கை தவறி விழுந்துருச்சு!"

"அப்ப திராட்சைத் தோட்டத்துல விழுந்தது என்னது?" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கேட்டான். "அதுவும் கை தவறினதுதானா?"

இடி இல்லை என்றால் தோட்டமெல்லாம் திரும்பப் போகும். இடிதான் என்றால் ராசா உள்ளேயே கிடக்க வேண்டும். பெரிலாஸ் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கொக்கு மாதிரி நின்றான்.

ராசா தடுமாறி எழுந்தார். "நான்தான் ஜீயஸ்! இது என் எடம்! நான் வருவேன், போவேன், எவன்டா கேக்கறது?"

"உங்க எடம்தான், யாரு இல்லன்னா?" என்றாள் மிர்த்தோ. "உங்க எடத்துல நீங்களே இருங்க. எங்க எடத்துக்கு வராதீங்க."

அவர் முகம் மாறியது. கேலிக்குப் பதில் சொல்லத் தெரியாதவன் கையில் ஆயுதம் இருந்தால் என்ன செய்வானோ அதைத்தான் செய்தார். களத்தோரத்து ஈட்டிக்காரர்களைப் பார்த்து, "அவளக் குத்துங்கடா! அந்தக் குதிரைக்காரனையும்!" என்று கத்தினார்.

ஒருவன் ஈட்டியை ஓங்கிவிட்டான். அல்கோன் ரதத்திலிருந்து குதித்து ஓடி அக்காளுக்கு முன்னால் நின்றான். குதிரைச் சாட்டையைத் தவிர அவன் கையில் ஒன்றுமில்லை. அதையே ஓங்கிப் பிடித்தான்.

அப்போது மலைப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு வெட்டு வெட்டியது.

யாரும் அசைவதற்கு முன்னால், கல்வட்டத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. தெளிவாக, பணிவாக, தாய் மடியில் கற்றுக்கொண்ட மாதிரியே.

"ப்பச்."

சால்மோனியஸ் தலையைக் குனிந்து, தோளை ஒடுக்கி, உதட்டைக் குவித்தபடி நின்றுகொண்டிருந்தார். ஜீயஸ், ஜீயஸைக் கும்பிட்டுவிட்டார். குவிந்த உதட்டை என்ன செய்வதென்று தெரியாமல், மெல்லக் கையைக் கொண்டுபோய் வாயை மூடிக்கொண்டார். தூரத்தில் இடி உருண்டு வந்தது. அதற்கு அண்டா தேவைப்படவில்லை.

ஈட்டிக்காரன் ஓங்கிய ஈட்டியைக் கீழே இறக்கினான். அவனுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "இதுக்காய்யா நாம இவ்வளவு நாளு..." என்று பக்கத்தில் இருந்தவனிடம் ஆரம்பித்து முடிக்காமல் குனிந்து சிரித்தான். பெரிலாஸ் தூக்கிய காலை இறக்கி, வந்த வழியே நடையைக் கட்டினான். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மாதிரி ஆட்களுக்குத் திரும்பிப் பார்க்கிற பழக்கமே கிடையாது.

"மழை வருதுடா! பொலி!" என்று மிர்த்தோ அலறினாள்.

அவ்வளவுதான், ராசா எல்லாருக்கும் மறந்து போனார். நனைந்த பொலி முளைத்துவிடும், முளைத்தால் வருசம் போச்சு. அல்கோன் ரதத்தின் பின்னால் கட்டியிருந்த மாட்டுத்தோல்களை அறுத்தான். ஈட்டிக்காரர்களும் வந்து பிடித்தார்கள். இத்தனை நாள் இடியாக இருந்த தோல்கள் குவியலின் மேல் கூரையாக விரிந்தன. ஓரங்களுக்குக் கல் தேடியவர்கள், ராசாவின் வட்டத்துக் கல்லில் மட்டும் கை வைக்கவில்லை. மழை அடித்துக்கொண்டு வந்தது. எல்லாரும் களத்துக் கொட்டகைக்குள் நெருக்கியடித்து நின்றார்கள்.

வட்டத்துக்குள் சால்மோனியஸ் மட்டும் நின்றார். கல் முழங்கால் உயரம்கூட இல்லை. ஒரு எட்டு வைத்தால் வெளியே வந்திருக்கலாம். ஆனால் வந்தால் எங்கே வருவார்? கொட்டகைக்குள் வந்து மற்றவர்களோடு ஒட்டிக்கொண்டு நின்றால், அவரும் மழைக்கு ஒதுங்கிய ஒரு ஆள்தான்.

அல்கோனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மழையில் இறங்கி வட்டத்தின் ஓரம் வரைக்கும் போனான். "ராசா, வாங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. உள்ள எடம் இருக்கு."

"ராசாவா?" என்றார் அவர். தாடியின் மிச்சத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. "எப்படிக் கூப்புடணும்னு சொல்லியிருக்கேன்?"

அல்கோன் திரும்பி நடந்தான். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. ஒரு மனிதனை இவ்வளவுக்கு மேல் இளக்காரமாக நினைக்க முடியாது என்று மட்டும் தோன்றியது.

ராசா ரதத்திலிருந்து கழன்று தரையில் கிடந்த முளைக்குச்சி ஒன்றை எடுத்தார். பக்கத்து அண்டாவை ஓங்கி அடித்தார். "நான்தான்! நான்தான் இடிக்கறேன்! கேக்குதா மேல?" என்று ஆகாயத்தைப் பார்த்துக் கத்தினார். மின்னல் வெட்டியது. உதடு தானாகக் குவிந்தது. ப்பச். தன் வாயிலேயே ஒரு அறை அறைந்துகொண்டு மறுபடி அண்டாவை அடித்தார். மறுபடி மின்னல். மறுபடி ப்பச். கொட்டகையில் நின்றவர்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஒருவரும் சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பார்ப்பதற்கே அசிங்கமாக இருந்தது.

அடுத்து வந்தது மின்னலா இடியா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கண்ணும் காதும் ஒன்றாகப் போய் வந்தன. கண் தெளிந்தபோது குச்சி ஒரு பக்கம் எரிந்துகொண்டிருந்தது, அண்டாக்களில் மழை நிரம்பிக்கொண்டிருந்தது, அவற்றுக்கு நடுவே சால்மோனியஸ் கிடந்தார். ஊரே எரிந்து போனது என்று வெளியூர்க்காரர்கள் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பச்சைப் பொய். ஒரு மயிரிழை அளவுகூட வேறெங்கும் சேதமில்லை. மேலே இருப்பவருக்குக் குறி தப்புவதில்லை.

கல் புதிதாக வைக்க வேண்டிய வேலைகூட இல்லை. ஏற்கனவே வைத்திருந்தது.

மழை விட்டபின் ஆற்றிலிருந்து நல்ல காற்று வந்தது. தோல்களை விலக்கிப் பார்த்தார்கள். குவியல் காய்ந்தபடியே இருந்தது. மிர்த்தோ அதில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தாள். அழுதாள். அப்புறம் துடுப்பை எடுத்துத் தூற்ற ஆரம்பித்தாள். அல்கோன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு முறத்தோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "உன் தோலு கொஞ்சம் கனம்தான்டா" என்றாள் அவள், அவனைப் பார்க்காமலேயே.

பொழுது சாயும் நேரத்தில் அவள் நிமிர்ந்து பாதையைப் பார்த்தாள். கல்வட்டத்துக்குள் அண்டாக்கள் நாலா பக்கமும் கிடந்தன. ஒரு காது ஈயம் வைத்து ஒட்டியது அவளுடையது. அடி ஒடுங்கியிருந்தாலும் அடையாளம் நன்றாகத் தெரிந்தது. அவள் வட்டத்தின் ஓரம் வரை போய் நின்றாள். கை நீட்டினால் எட்டிவிடும். நீட்டவில்லை. இடி விழுந்த இடத்திலிருந்து எதையும் வெளியே எடுக்கக் கூடாது. அந்த இடி நிஜ இடி.

"பாத்தியாடா அல்கோன்" என்றாள். "செத்தும் என் அண்டாவ விடல, பாவி."

பின்பு வீட்டுக்குப் போய், புதுப் பார்லியில் மண்பானையில் கூழ் காய்ச்சினாள்.